மயில்கண் தட்டு

தைலம்மாளுக்குக் கரும்பு ஆகாது. நெல்லிக்குப்பத்தில் பிறந்து நெல்லிக்குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? பொங்கலுக்கு வாசலில் சாத்தி வைப்பாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒடித்துக் கொடுப்பாள். தான் மட்டும் ஒரு துண்டு கடிக்க மாட்டாள்.

அவள் புருஷன் தங்கராசு கரும்பு வண்டி ஓட்டியவன். வெட்டுப் பருவம் வந்துவிட்டால் ஆலை வாசலில் வண்டிகளின் வரிசை ஊரைத் தாண்டி நீளும். தங்கராசு வண்டியோடு கிடப்பான். சோற்றுத் தூக்கைத் தைலம்மாள் அங்கேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். அப்படி ஒரு பருவத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. வந்தது தெரியாமலே வண்டி ஓட்டினான். தெரிந்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாகி, கடலூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் பெண்டாட்டியையும் மகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டே கண்ணை மூடிவிட்டான். அன்று ஊர் திரும்பி, கையில் தூக்குச் சட்டியோடு நின்ற தைலம்மாளின் மூக்கில் ஆலைக் காற்றின் சர்க்கரைப் பாகு மணம் ஏறியது. அந்த மணம் அதன் பிறகு அவளுக்கு இனிக்கவே இல்லை.

மகள் அறிவுமதியைக் கையில் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வந்தாள். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டதில் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் துறை ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலை கிடைத்தது. தினக்கூலிதான். உள்ளங்கை அகலத்தில் கண்ணாடித் தட்டு, அதற்கு ஒரு மூடி. தட்டுக்குள் வெளுத்த கஞ்சி உறைந்தது போல ஒரு பாகு, அதன்மேல் கிருமிகள் புள்ளிபுள்ளியாக வளர்ந்திருக்கும். ஆய்வு முடிந்த தட்டுகளை ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிப் பாத்திரத்தில் வைத்து வேகவைத்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். பிறகு சுரண்டி, சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, அடுத்த ஆய்வுக்கு அடுக்கி வைக்க வேண்டும். அந்தப் பாத்திரத்துக்குத் தைலம்மாள் வைத்த பெயர் குக்கர்.

"தைலக்கா, குக்கர் எத்தன விசிலு?" என்று பையன்கள் கேலி செய்வார்கள்.

"உன் வாயி அடங்குற வரைக்கும்" என்பாள்.

2004இல் அறிவுமதி அதே துறையில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். முதல் நாள் செய்முறை வகுப்பு. வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைகளின் கூட்டத்தில் மகளைப் பார்த்ததும் தைலம்மாள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு கழுவு தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். மகளுக்குக் கூச்சமாக இருக்குமே என்று பெற்ற மனம் பதறியது. அறிவுமதி நேராகத் தொட்டிக்கு வந்தாள். அம்மாவின் ஈரக் கையைப் பிடித்து எல்லோருக்கும் நடுவே இழுத்து வந்து, "எங்கம்மா" என்றாள்.

கூட்டத்தில் இருந்த சார்லஸ் என்ற கடலூர்ப் பையன், "அப்ப நீ பிளேட்ட ஒடச்சா மாட்டிக்கிறது நாங்கதானா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தைலம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

படிப்பு முடிந்ததும் பேராசிரியர் திருநாவுக்கரசு அறிவுமதியை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கண்டிப்பானவர், ஆனால் திறமையை மதிப்பவர். அறிவுமதி எடுத்த பொருள் கரும்புச் சக்கை. தைலம்மாளுக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் எரிச்சலுமாக வந்தது.

"ஏண்டி, சாறு புழிஞ்ச சக்கையில என்னா இருக்குன்னு அதுல போயி ஆராச்சி பண்ற? மாடுகூட மோந்து பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்குமே."

"சக்கையே சர்க்கரைதாம்மா."

"ஆமா ஆமா. உங்கப்பன் கேட்டா சிரிப்பான்."

"நெஜமாம்மா. சர்க்கரையக் கோத்துக் கோத்து நூலாக்கி, நூல முறுக்கிக் கயிறாக்கி வெச்சிருக்கு செடி. அதுக்குப் பேருதான் செல்லுலோஸ். நம்ம வயித்தால அத அறுக்க முடியாது. சக்கைக் குவியல்ல வாழுற ஒரு கிருமிகிட்ட அத அறுக்கிற கத்தி இருக்கு. நொதின்னு சொல்லுவோம், என்சைம். ஆனா மொண்ணக் கத்தி. சூடு பட்டா அதுவும் மடங்கிப்போவும். நான் அந்தக் கத்தியத் தீட்டப் போறேன்."

"தீட்டி?"

"அறுத்த சர்க்கரையப் புளிக்க வெச்சா எரிபொருளு. வண்டி ஓட்டலாம்."

தைலம்மாள் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு, "உங்கப்பன் கரும்ப வெச்சி வண்டி ஓட்டுனான். நீ சக்கைய வெச்சி ஓட்டப் போறியா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓட்டு, ஓட்டு" என்றாள்.

கத்தியைத் தீட்டுவது எப்படி? அந்தக் கிருமியின் மரபணுவை எடுத்து, வேண்டுமென்றே பிழையோடு படியெடுப்பாள் அறிவுமதி. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு இடத்தில் பிழை. அவற்றை ஆய்வகத்தில் வளரும் சாதுவான வேறொரு கிருமிக்குள் செலுத்தி, தட்டுகளில் பரப்புவாள். மறுநாள் தட்டு முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு புதிய கத்தி. பெரும்பாலும் பழையதைவிட மொண்ணை. சில அதே கூர்மை. எங்கோ ஒரு பிழை நல்ல பிழையாக அமையாதா என்பதுதான் அவளுடைய தவம்.

புள்ளிகளைச் சோதிக்க அவற்றைக் கொல்ல வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சங்கடம். அதனால் முதலில் ஒரு வெல்வெட் துணியைத் தட்டின்மேல் மெல்ல ஒற்றி, அதை இன்னொரு தட்டில் முத்திரை குத்துவது போல ஒற்றுவாள். முதல் தட்டு மூலம், இரண்டாவது நகல். நகலில் செல்லுலோஸ் கலந்திருக்கும். அதில் புள்ளிகள் வளர்ந்ததும் தட்டைச் சூட்டில் வைத்துவிட்டு, சிவப்புச் சாயம் ஊற்றி, உப்பு நீரில் அலசி, நிறம் நிற்பதற்காகக் கடைசியில் அமிலம் விடுவாள். சிவப்பு கருநீலமாக மாறும். நொதி எங்கே செல்லுலோஸை அறுத்ததோ அங்கே சாயம் ஒட்டாமல் வெளிறிய வளையம் தெரியும். வளையம் எவ்வளவு பெரிதோ, கத்தி அவ்வளவு கூர்மை. ஆனால் நகலில் உள்ள எல்லாம் அதோடு செத்தன. உயிர் மூலத் தட்டில்தான்.

அந்த வெல்வெட் துணிகளைத் துவைத்து, இஸ்திரிப் பெட்டி போட்டு, அடுக்கி வைப்பதும் தைலம்மாளே. பச்சை வெல்வெட்டில் அவளே ஓரம் தைத்துக் கொடுத்திருந்தாள்.

எத்தனை தட்டுகள்! காலையில் கழுவி அடுக்கியதை மகள் மாலைக்குள் தீர்த்துவிடுவாள். மின்வெட்டு அதிகமான காலம் வேறு. கரன்ட் போகும்போதெல்லாம் தைலம்மாள் அறையின் சன்னல்களைத் திறந்துவிட்டு மகளுக்கு விசிறிவிடுவாள். "போதும்மா, கைய வலிக்கும்" என்றால், "நீ புள்ளியப் பாரு" என்பாள்.

2008 புரட்டாசி. ஆயுத பூஜைக்கு இரண்டு நாளுக்கு முன்னால் அது நடந்தது.

நகல் தட்டில் அமிலத்தை விட்டு, நீரில் அலசி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அறிவுமதி அசையாமல் நின்றாள். கருநீலத் தட்டு. ஓரத்தில் சின்னச் சின்ன வளையங்கள், பல் குத்தும் குச்சியின் முனையளவு. நடுவில் ஒன்று மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு வெளிறி, பொன்னிறமாக ஒளிவிட்டது. மயில் தோகையின் கண் போல.

"சார்லஸ்!" என்று கத்தினாள்.

சார்லஸ் வந்தான், பேராசிரியர் வந்தார், பக்கத்து ஆய்வகத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். திருநாவுக்கரசு தட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். யாரையும் எளிதில் பாராட்டாத மனிதர், அறிவுமதியின் தலையில் கை வைத்தார்.

"இதான்மா. இதுக்குத்தான் காத்திருந்தோம். ஸ்வீடன்ல எனக்குத் தெரிஞ்ச குழு ஒண்ணு இருக்கு. உன்ன அவுங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவாங்க, பாரு."

எல்லோரும் கைதட்டினார்கள். கழுவு தொட்டிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்த தைலம்மாளிடம் சார்லஸ் தட்டைக் காட்டினான். "பாத்தீங்களா தைலக்கா, ஒங்க பொண்ணு மயிலுக்குக் கண்ணு வரைஞ்சிருக்கா." தைலம்மாள் தொடவில்லை. ஈரக் கையைக் கூப்பிக் கும்பிட்டாள்.

மூலத் தட்டில் அந்தப் புள்ளி, வெல்வெட் ஒற்றியதில் தேய்ந்து போயிருந்தது. அது தடித்து வளரட்டும், வளர்ந்ததும் எடுத்துப் பெருக்கி உறைபெட்டியில் பத்திரப்படுத்தலாம் என்று இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டிக்குள் அதைத் திரும்ப வைத்தாள் அறிவுமதி. பூஜை முடிந்ததும் நிஜச் சக்கையில் சோதிக்கலாம் என்றார் பேராசிரியர். ஆலைக் களத்துச் சக்கை வேண்டும். மறுநாள் விடிந்ததும் அறிவுமதி நெல்லிக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள். மாமன் வீட்டில் இரவு தங்கிவிட்டு பூஜை அன்று காலையில் வருவதாக ஏற்பாடு. மாமன் மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள்; அன்றே அவளை விடமாட்டார்கள் என்று தைலம்மாளுக்கும் தெரியும்.

அன்று ஆய்வகத்தில் பூஜைக்கான சுத்தம். தறி, லேத்து, ஆலை, அச்சகம் என்று எங்கும் உள்ள வழக்கம்தான் அங்கேயும். கருவிகளையெல்லாம் நிறுத்தி, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுத்துக் கும்பிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இன்குபேட்டரை வெளியே மட்டும் துடைத்து, கதவில் பொட்டு வைத்துவிடுவார்கள். அந்த ஆண்டு பூஜைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"தைலம்மா, இந்த வருசம் உள்ளயும் காலி பண்ணித் தொடச்சிடு. பழைய தட்டு ஒண்ணு இருக்கக் கூடாது. நாத்தம் வரக் கூடாது" என்று சொல்லிவிட்டு பேராசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டார்.

தைலம்மாள் முதலில் என்ன செய்தாள் தெரியுமா? மகளின் மேஜைக்குப் போனாள். மயில்கண் தட்டை இரண்டு கையாலும் எடுத்து, தான் ஓரம் தைத்த பச்சை வெல்வெட்டில் சுற்றி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தாள். ஊரே கூடிக் கைதட்டிய தட்டு அல்லவா? வேலை நடக்கிற இடத்தில் அதற்கு ஒரு கீறல் விழலாமா? அதைப் பத்திரப்படுத்திய பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டாள்.

இன்குபேட்டரைத் திறந்தாள். உள்ளே பழைய தட்டுகள். வெள்ளைப் புள்ளி, புளித்த வாடை, தினமும் அவள் கழுவுகிற அதே தட்டுகள். எல்லாவற்றையும் கூடையில் அடுக்கினாள். குக்கரில் வைத்தாள். பிறகு பெட்டியைப் பளபளவென்று துடைத்து, கதவில் சந்தனம் வைத்தாள்.

பூஜை அன்று காலை சக்கை மூட்டையோடு வந்த அறிவுமதி, இன்குபேட்டரின் சந்தனப் பொட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். பெட்டி காலியாக இருந்தது. கழுவு தொட்டிக்கு ஓடினாள். கம்பி அடுக்கில் வரிசையாக, கண்ணாடித் தட்டுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன.

"வந்துட்டியாடி!" தைலம்மாள் புதுப் புடவையில், குளித்த ஈரத் தலையோடு ஓடி வந்து மகளின் கையைப் பிடித்தாள். "வா, வந்து பாரு. ஒன் தட்ட எங்க வெச்சிருக்கேன்னு பாரு."

சரஸ்வதி படத்தின் காலடியில், பச்சை வெல்வெட்டின்மேல் மயில்கண் தட்டு. மூடியில் மஞ்சளும் குங்குமமும். பக்கத்தில் பொரிகடலை, அவல், வாழைப்பழம்.

"ஒரு தூசி படாம வெச்சிருக்கேன். சரிதான?"

அறிவுமதி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் அவள் அப்பா போன பிறகு பார்த்தே இராத ஒரு வெளிச்சம் இருந்தது. என்ன சொல்வாள் அந்தப் பெண்? வெளியே ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

"சரிதாம்மா."

சார்லஸ் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனான். அவனும் காலிப் பெட்டியைப் பார்த்திருந்தான். "சார்கிட்ட சொல்லிடலாம் அறிவு. அவுங்க தெரியாமத்தான செஞ்சாங்க."

"அவுங்க தினக்கூலி சார்லஸ். சார் கோவத்துல நாளையிலேர்ந்து வராதன்னா?"

"சார் அப்படிச் சொல்ல மாட்டாரு."

"சரி, சொல்லல. ஆனா எங்கம்மா இன்னொரு தட்ட கையால தொடுமா? செத்துப்போயிடும் சார்லஸ். நீ எதுவும் சொல்லாத. உங்கம்மா மேல ஆணை."

பூஜை முடிந்து, சுண்டல் கொடுத்து, அதிகாரி போன பிறகு அவள் பேராசிரியர் அறைக்குள் போனாள். "ஊருக்குப் போற அவசரத்துல, பழைய தட்டுன்னு நெனச்சி நானே எடுத்து ஆட்டோகிளேவுல போட்டுட்டேன் சார்" என்றாள்.

திருநாவுக்கரசு முதலில் நம்பவில்லை. நம்பியதும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "படிச்சவதானா நீ? ஒங்கம்மாகிட்ட குடுத்திருந்தாக்கூட அது பத்திரமா வெச்சிருக்கும்!"

அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தச் சொல்லை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

நகல் தட்டில் செத்துக் கிடந்ததிலிருந்து மரபணுவை மீட்கப் பார்த்தார்கள். நிறம் நிற்பதற்காக விட்ட அமிலம் அதைப் பொடிப்பொடியாக அறுத்திருந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். படியெடுத்தாள், பரப்பினாள், ஒற்றினாள், சாயம் விட்டாள். ஆயிரக்கணக்கில் வளையங்கள் வந்தன. எல்லாம் குச்சி முனை. தற்செயலாக நேர்ந்த நல்ல பிழை, வேண்டிக் கூப்பிட்டால் வருமா?

ஸ்வீடனுக்கு வேறு யாரோ போனார்கள். உதவித்தொகைக் காலம் முடிந்தது. "டாக்டர் பட்டம் வாங்கிட்டு வரட்டும், காத்திருக்கோம்" என்ற மாமன் வீட்டார், காத்திருந்து பார்த்துவிட்டு மகனுக்கு வேறிடத்தில் முடித்தார்கள். கல்யாணத்துக்குத் தைலம்மாளும் அறிவுமதியும் போனார்கள். "என்னா அறிவு, சக்கைய இன்னும் மென்னுக்கிட்டுத்தான் இருக்கியா?" என்று மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மாமன் மகன் கேட்டான். கேலிதான். அவன் போன பிறகு அவள் கை கழுவும் இடத்தில் வெகுநேரம் நின்றாள்.

கடலூர் வழியில் செம்மங்குப்பத்தில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே பஸ்ஸில் உட்கார்ந்து ஆய்வேட்டை எழுதினாள். தீட்ட முயன்று தீட்ட முடியாமல் போன கத்திகளைப் பற்றிய ஆய்வேடு. சிறியது, நேர்மையானது.

தைலம்மாளுக்கு என்ன தெரியும்? ஆய்வகத்திலிருந்து அவள் கேட்டு வாங்கி வந்த மயில்கண் தட்டு வீட்டுப் பூஜை அலமாரியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்கும் ஒரு பூ. அப்படியிருக்க மகளுக்கு ஏன் பட்டம் வரவில்லை?

"சோதனையில தேறலம்மா" என்று மகள் சொன்னதை அவள் நம்பவே இல்லை. "அந்தாளுக்குப் பொறாம. வண்டிக்காரன் பொண்ணு சீமைக்குப் போயிடுவாளேன்னு மறைச்சிட்டாரு" என்று பேராசிரியரைத் திட்டுவாள். காலையில் அவருடைய அறையைப் பெருக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

2011 கடைசியில் 'தானே' என்ற புயல் வந்தது. விடியும் நேரத்தில் வீட்டுக் கூரையின் சிமென்ட் ஷீட்டுகள் ஒவ்வொன்றாகப் பறந்தன. தண்ணீர் கொட்டியது. அறிவுமதி சான்றிதழ்ப் பெட்டியை அணைத்துக்கொண்டு, "அம்மா, வெளியில வா!" என்று கதறினாள். தைலம்மாள் பூஜை அலமாரிக்குப் போனாள். வெல்வெட்டோடு தட்டை எடுத்து ரவிக்கைக்குள் வைத்து, முந்தானையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்தாள். வாசற்படியில் முறிந்த முருங்கைக்கிளை அவள் தோளைக் கிழித்திருந்தது.

"அத எதுக்கும்மா எடுத்த? அத எதுக்கு எடுத்த?" அறிவுமதி அழுத அழுகை புயல் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கூரை போன துக்கத்தில் அழுகிறாள் என்று அக்கம்பக்கத்தார் நினைத்தார்கள்.

2012 சித்திரையில் அவளுடைய வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். எல்லோர் முன்னிலையிலும் கேள்வி கேட்பார். பதில் சொன்னால் பட்டத்துக்குப் பரிந்துரைப்பார். கேட்க வருகிறவர்களுக்குக் கேசரி, போண்டா, டீ கொடுப்பது வழக்கம். கேசரி தைலம்மாள் கிண்டினாள். அன்று ஒரு நாளைக்கு அவள் கழுவு தொட்டிக்குப் போகவில்லை. கடைசி வரிசையில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். விரிவுரையாளராகிவிட்ட சார்லஸ் பக்கத்தில் வந்து, "என்னா தைலக்கா, டாக்டரோட அம்மா எங்களயெல்லாம் கண்டுக்க மாட்டீங்கபோல" என்றான்.

"போடா" என்றாள் பெருமையோடு.

தேர்வாளர் வைத்திலிங்கம் வயதான, இனிமையான மனிதர். கேள்விகள் முடிந்தன. அறிவுமதி தடுமாறாமல் பதில் சொன்னாள். "வேறு யாராவது ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம்" என்று வழக்கப்படி சொன்னார்.

தைலம்மாள் எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கணுங்க ஐயா."

அறிவுமதி கையைக் காட்டித் தடுத்தாள். "அம்மா, உக்காரும்மா" என்றாள். தைலம்மாள் கேட்கவில்லை. வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்து, பைக்குள்ளிருந்து பச்சை வெல்வெட்டைப் பிரித்து, தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"இது எம் பொண்ணு செஞ்சதுங்க. அன்னிக்கி எல்லாரும் கைதட்டுனாங்க. அதுக்கப்பறம் இதப்பத்தி யாரும் வாயத் தெறக்கல. நான் படிக்காதவ. நீங்க பெரியவங்க, இதயும் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்."

வைத்திலிங்கம் குங்குமக் கறை படிந்த தட்டைக் கையில் எடுத்தார். பாகு வற்றித் தாள் போல ஒட்டியிருந்தது. நீலம் மங்கியிருந்தது. நடுவில் அந்த வளையம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் புருவம் உயர்ந்தது.

"சூட்டுக்குப் பிறகா இவ்வளவு பெரிய வளையம்? இது ஆய்வேட்டில் இல்லையே அம்மா. இதன் மூலத் தட்டு எங்கே?"

அறிவுமதி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல சார். இதுல இருக்கிறது செத்தது. மூலத் தட்டுலதான் உயிரு இருந்திச்சி. ஆட்டோகிளேவுல போயிடிச்சி. 2008, ஆயுத பூஜைக்கு மொத நாளு. என் தப்புதான். நான்தான் இன்குபேட்டர்லேர்ந்து எடுத்துப் போட்டேன்."

"அன்னிக்கி நீ ஊர்லயே இல்லியேடி" என்றாள் தைலம்மாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது கேட்டது.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தைலம்மாள் மகளைப் பார்த்தாள். சார்லஸைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேராசிரியர் திருநாவுக்கரசைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, எதையும் பார்க்காதவர் போல உட்கார்ந்திருந்தார். தைலம்மாளின் உதடுகள் அசைந்தன. "பொட்டிக்குள்ள இருந்ததா?" என்று கேட்டாள். அவள் தன் இரண்டு கைகளையும் உயர்த்திப் பார்த்தாள், யாருடைய கைகளையோ பார்ப்பது போல.

பிறகு, "காப்பி, டீ எடுத்தாறேன்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே போனாள்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக வைத்திலிங்கம் எழுந்து நின்று அறிவித்தார். கைதட்டல் கேட்டது. தைலம்மாள் தட்டுத் தட்டாகக் கேசரி கொண்டுவந்து கொடுத்தாள். ஒருவர் விடாமல் கொடுத்தாள். திருநாவுக்கரசின் முன்னால் வந்ததும் அவள் கையிலிருந்து கரண்டி நழுவி விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"தைலம்மா..." என்றார்.

"ஒங்கள நான் தெனம் திட்டுனேன் சார்" என்றாள் அவள். "நாலு வருசமா வாயில வந்தபடி திட்டுனேன்."

கூட்டம் கலைந்து, சாயங்கால வெயில் சன்னல் வழியாகக் கழுவு தொட்டியில் விழுந்தபோது அறிவுமதி அம்மாவைத் தேடி வந்தாள். தைலம்மாள் புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அன்றைய தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி வேலை வேணாம்மா. வா, வீட்டுக்குப் போவலாம்."

தைலம்மாள் திரும்பவில்லை. "செத்ததுக்கா பூ வெச்சேன், வெள்ளிக்கிழம தவறாம?"

"அம்மா..."

"புயல்ல அதத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தேனே. அப்பகூட ஒனக்கு வாயி வரலியாடி?"

"வந்திச்சிம்மா. ஒம் மொகத்தப் பாத்தா திரும்பப் போயிடிச்சி."

"என்னைய நீ அடிச்சிருக்கலாம். ஒன் தலையில நான் நெருப்ப வெச்சதுக்கு, நாலு அற அறைஞ்சிருக்கலாம். நீ பாட்டுக்கு எங்கையால சோறு வாங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்க."

அறிவுமதி பின்னாலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தோளில் முருங்கைக்கிளை கிழித்த தழும்பு அவள் கன்னத்தில் பட்டது. இரண்டு பேரும் அழுதார்கள். குழாய்த் தண்ணீர் வீணாக ஓடியது. அழுகையின் நடுவே தைலம்மாள்தான் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

பிறகு வெல்வெட்டைப் பிரித்தாள். மயில்கண் தட்டை எடுத்து வெந்நீரில் போட்டாள். அறிவுமதியின் கை தடுப்பதற்கு எழுந்தது, பாதியில் நின்றது. வற்றிக் கிடந்த பாகு மெல்ல ஊறி, ஒரு நீலத் தோல் போலத் தட்டைவிட்டுப் பிரிந்து மிதந்தது. நடுவில் வளையம் நீரோடு சுருண்டு மடிந்தது. மூடியின் குங்குமத்தைத் தைலம்மாள் கட்டைவிரலால் தேய்த்தாள். போகவில்லை. சோப்பு போட்டு மறுபடி தேய்த்தாள். போயிற்று. ஒரு முறைக்கு மூன்று முறை அலசி, கம்பி அடுக்கில் மற்ற தட்டுகளோடு கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த தட்டை எடுத்தாள். அதற்கு அடுத்தது. அறிவுமதி துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள். கடைசித் தட்டையும் வைத்துவிட்டுத் தைலம்மாள் அடுக்கைப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி நீர் சொட்டிக்கொண்டிருந்தன. இவற்றில் எது அது என்று தேடினாள். அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கி எந்தப் புள்ளைங்களுக்கோ வேணுமில்ல" என்று சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.